பாதி காலி: குறுக்கெழுத்தில் நடுவழியில் நிற்பவருக்கு

கேள்வி இது: “தினமும் காலையில் அம்மாவும் நானும் பேப்பரில் வரும் தமிழ்க் குறுக்கெழுத்தைப் போடுகிறோம். பாதிக்கு மேல் ஓடுவதில்லை. விடை மறுநாள்தான் வருகிறது. அதுவரை யாரைக் கேட்பது, எதில் தேடுவது? தேடினால் ஏமாற்று வேலை ஆகாதா? உதாரணத்துக்கு, ‘உட்கார இடம், பாதி காலி’ என்று நான்கெழுத்தில் ஒரு குறிப்பு. இரண்டாவது கட்டத்தில் ‘ற்’ விழுந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.”

அந்த நான்கெழுத்தை இந்த வரியிலேயே சொல்லிவிடலாம். சொன்னால் இன்றைக்குக் கட்டம் நிரம்பும், நாளைக்கு இன்னொன்றில் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்பீர்கள். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன். ‘ற்’ விழுந்திருக்கிறது என்று அலுப்போடு எழுதியிருக்கிறீர்கள். விடையில் முக்கால்வாசி அந்தப் புள்ளி எழுத்தில்தான் இருக்கிறது.

நாம் எல்லோரும் செய்கிற தப்பு, சிக்கியவுடன் வெளியே உதவி தேடுவது. ஆங்கிலக் குறுக்கெழுத்து போடுகிறவர்களுக்கு 26 எழுத்து, ஒரு கட்டத்தில் எதுவும் வரலாம். நமக்கு 247 எழுத்து. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் எந்த எழுத்து எங்கே வரலாம், எதற்குப் பின்னால் எது வரலாம் என்று தமிழ் வைத்திருக்கும் கட்டுப்பாடு அதிகம். பள்ளியில் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தோமே, அதற்கு ஒரு உபயோகம் உண்டென்றால் அது குறுக்கெழுத்துதான். நான் போட ஆரம்பித்துப் பல வருஷம் கழித்துத்தான் இது எனக்கே உறைத்தது.

‘ற்’ விஷயத்துக்கு வருவோம். அதற்கு அடுத்த கட்டத்தில் என்ன வரலாம்? ற வரலாம்: காற்று. க வரலாம்: கற்கண்டு. ச வரலாம்: முயற்சி. ப வரலாம்: கற்பனை. அவ்வளவுதான், வேறு எதுவும் ஒட்டாது. இப்போது குறிப்பை மறுபடி பாருங்கள். ‘பாதி காலி’. உங்கள் கட்டம் நான்கு, அதில் பாதி இரண்டு. ‘காலி’ என்பதும் இரண்டெழுத்து. புதிர் போட்டவர் பாதி இடம் வெறுமையாக இருக்கிறது என்று சொல்லவில்லை. விடையின் பாதியே ‘காலி’ என்ற சொல் என்கிறார். ற்-க்குப் பின்னால் ‘கா’ வரலாமா? தாராளமாக. ஆக, ஏதோ ஒரு எழுத்து, ற், கா, லி. உட்கார இடம். நாற்காலி.

இதைப் பார்த்ததும் அம்மா “அட!” என்றிருந்தால் சரியான ஆட்டத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

கட்டம் தருகிற உதவியை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், சரக்கு இருப்பது இங்கேதான். உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டும் வரும், நடுவில் வராது. மெய்யெழுத்து முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது (ரயில், லாரி, டம்ளர் மாதிரி வந்து குடியேறியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்). க், ச், ட், த், ப், ற் ஆறிலும் தமிழ்ச் சொல் முடியாது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு சொல் இன்னொரு சொல்லைக் குறுக்கே வெட்டும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

‘ராஜா (4)’ என்று இடமிருந்து வலம் ஒரு குறிப்பு. அரசனா, வேந்தனா, மன்னனா, காவலனா? எல்லாம் நான்கெழுத்து. அதன் முதல் கட்டம், மேலிருந்து கீழாக வரும் வேறொரு சொல்லின் நடுக்கட்டம் என்றால், அந்த இடத்தில் உயிரெழுத்து உட்கார முடியாது. அரசன் அவுட். குறுக்குச் சொல்லின் குறிப்பைப் படிக்காமலே ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டோம்.

நம் பேப்பர்களில் இருக்கிற இன்னொரு விசேஷம் நான்கு திசை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் மட்டுமில்லாமல் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்கள் ஓடும். புதிதாகப் போடுகிறவர்கள் இதில்தான் திணறுகிறார்கள். எண் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அங்கே சொல் தொடங்குகிறது என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஒரு வாத்தியம் (3)’, வலமிருந்து இடம் என்று வைத்துக்கொள்வோம். தோன்றுவதெல்லாம் சொல்லுங்கள்: மேளம், தவில், தாளம், முரசு, கொம்பு, சங்கு, பம்பை. திசை திரும்பியிருப்பதால் கடைசி எழுத்து இடது ஓரத்தில் விழும். அதே இடது ஓரக் கட்டத்தில் ஒரு எண் போட்டு, மேலிருந்து கீழாக வேறொரு சொல் தொடங்குகிறது. எந்தச் சொல்லும் ம்-இலோ ல்-இலோ தொடங்காதே! மேளம், தவில், தாளம் மூன்றும் கழன்றுவிட்டன. மிச்சம் இருக்கிற சு, பு, கு, பை நான்கும் சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை. நடுக் கட்டத்தில் ஒரு ‘ர’ கிடைத்தால் முரசு, முடிந்தது கதை.

புள்ளி எழுத்துக்கு அடுத்து என்ன வரும் என்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ங் வந்தால் அடுத்தது அநேகமாக க வரிசை. ஞ் வந்தால் ச, எப்போதாவது ஞ. ந் என்றால் த, அல்லது ந. க், ச், த், ப் வந்தால் அதே எழுத்து இரட்டிக்கும். சக்தி, பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் மட்டும் இதை மீறும். ட் வந்தால் வட்டம், வெட்கம், காட்சி, நட்பு, இந்த நான்கு வழிதான். அடுத்தடுத்த கட்டங்களில் இரண்டு புள்ளி எழுத்து வந்தால், முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று: வாய்க்கால், பார்த்தான், வாழ்த்து. அப்படி இல்லாமல் ‘ல்த்’ என்றோ ‘ன்க்’ என்றோ உங்கள் கட்டத்தில் நின்றால், ஏதோ ஒரு குறுக்குச் சொல் தப்பு. அழிப்பானை எடுங்கள். ஆய்த எழுத்து விழுந்தால் லாட்டரி அடித்த மாதிரி: எஃகு, அஃது, இஃது, அஃறிணை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சில குறிப்புகளின் ஓரத்தில் ‘கலைந்துள்ளது’, ‘குழம்பியுள்ளது’ என்று போட்டிருப்பார்கள். விடையின் எழுத்துகளை இடம் மாற்றிக் கட்டத்தில் நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். மேலே சொன்ன விதி எதுவும் அங்கே செல்லாது. கடைசிக்குத் தள்ளுங்கள். நேர்மையாகச் சொன்னால், கட்டம் போட முடியாமல் போன இடத்தை மூடுவதற்கு அமைப்பவர் செய்கிற ஒட்டுவேலை அது. அதில் மாட்டிக்கொண்டதற்காக வருத்தப்படத் தேவையில்லை.

சரி, குறிப்பு பக்கம் போவோம். பேப்பரில் பெரும்பாலும் நேர்க் குறிப்புகள்தான் இருக்கும், ‘ஒரு காய்’, ‘கண்ணகியின் கணவன்’ என்கிற மாதிரி. அவற்றுக்குத் தேவை ஞாபகம் மட்டும். உங்களைத் தடுத்து நிறுத்துவது ‘பாதி காலி’ போன்ற குறும்புக் குறிப்பு. ஆங்கிலக்காரர்கள் கிரிப்டிக் என்பார்கள். ஒரு வாக்கியமாகப் படித்தால் ஒரு அர்த்தம், எழுத்து எழுத்தாகப் பிரித்தால் இன்னொரு அர்த்தம். அதில் ஒரு ஓரத்தில், முதலிலோ கடைசியிலோ, விடைக்கு நேரான பொருள் இருக்கும். மீதி முழுவதும் அந்த விடையை எப்படிக் கட்டுவது என்கிற செய்முறை. எங்கே வெட்டிப் பிரிப்பது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

நானே செய்த சில குறிப்புகளைப் போடுகிறேன். முதலில் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள், அப்புறம் கீழே இறங்குங்கள்.

தலை போன குதிரை கரையில் வந்து மோதும் (2).
தலை வெட்டிய சமையலில் மோகம் (3).
சிவா திரும்பினால் படி (2).
பெண் யானையைப் பற்றிக்கொள் (2).
அரசன் ஆயுதத்தோடு நின்றால் கும்பிடும் இடம் (3).
மாமா லைட் போடுவதில் ஒளிந்திருக்கும் நேரம் (2).
எந்தப் பக்கம் திரும்பினாலும் காவிரி பிறக்கும் சீமை (3).

முதல் இரண்டும் ஒரே வித்தை. ‘தலை போன’, ‘தலையிழந்த’, ‘முண்டமான’ என்று எதைக் கண்டாலும் முதல் எழுத்தை நறுக்குங்கள். குதிரையில் ‘கு’ போனால் திரை, கடல் அலை. சமையலில் ‘ச’ போனால் மையல். இதே மாதிரி ‘வால் அறுந்த’, ‘கால் இல்லாத’ என்றால் கடைசி எழுத்து போகும். ‘வயிறு’, ‘இடை’, ‘உள்ளம்’ என்றால் நடு எழுத்தில் ஏதோ நடக்கிறது.

‘சிவா திரும்பினால்’ என்பது பின்னோக்கிப் படிப்பது: வாசி. ‘படி’ என்றால் வாசி. இதில் தடுக்கி விழ வைப்பது ‘படி’தான். நம் மனசு மாடிப்படிக்குப் போகும், அரிசி அளக்கிற படிக்குப் போகும், நகலுக்குப் போகும், சம்பளத்தோடு வருகிற பஞ்சப்படிக்குக்கூடப் போகும். ‘சிவா திரும்பினால்’ என்பதை மட்டும் தனியாக எடுத்துச் செய்து பார்த்தவர்களுக்கு ‘வாசி’ உடனே கிடைத்திருக்கும். குறிப்பில் சின்னதாக, பல அர்த்தம் தருகிற சொல் ஒன்று இருந்தால் அதன்மீது சந்தேகப்படுங்கள்.

பெண் யானை என்றால் பிடி, பற்றிக்கொள் என்றாலும் பிடி. இரண்டு அர்த்தத்தையும் அருகருகே வைத்து, நடுவில் ‘ஐ’ என்று ஒரு வேற்றுமை உருபைப் போட்டு ஒட்டினால் வாக்கியமாகத் தெரிகிறது. தமிழில் குறிப்பு அமைக்கிறவருக்கு வேற்றுமை உருபு ஒரு பெரிய வசதி, போடுகிறவருக்கு ஒரு பெரிய திரை. குறிப்பைப் படிக்கும்போது ஐ, ஆல், கு, இல் எல்லாவற்றையும் மனசுக்குள் கழற்றிவிட்டு வெறும் சொற்களாக அடுக்கிப் பாருங்கள்: பெண் யானை, பற்று. இப்போது எவ்வளவு வெளிச்சம்!

கும்பிடும் இடம் கோவில்: கோ என்றால் அரசன், கையில் வில். மாமா லைட்டில் ஒன்றுமே செய்ய வேண்டாம், விடை அப்படியே உட்கார்ந்திருக்கிறது: மா-மா லை-ட். மாலை. ‘ஒளிந்திருக்கும்’, ‘மறைந்த’, ‘இடையில்’ என்று வந்தால் சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மறந்துவிட்டுப் படியுங்கள். கடைசியில் குடகு. எப்படித் திருப்பினாலும் குடகு. (கோவையைத் திருப்பினால் யார் வருவார் என்று உங்களுக்கே தெரியும்.)

இதெல்லாம் வெள்ளைக்காரனிடமிருந்து வந்த விளையாட்டு என்று அம்மா சொன்னால், ஒளவையார் பாடியதாகச் சொல்லப்படும் ‘எட்டேகால் லட்சணமே’யை ஞாபகப்படுத்துங்கள். தமிழ் எண்களில் ‘அ’ எட்டு, ‘வ’ கால். எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். இதை அப்படியே எடுத்து இன்றைய கட்டத்தில் போட்டால் பாஸாகிவிடும். கட்டம்தான் வெளியிலிருந்து வந்தது. 1913 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதலில் போட்டார். சொல்லுக்குள் சொல்லை ஒளிப்பது நம் வீட்டுச் சரக்கு.

கோவிலில் ‘கோ’ வந்ததே, அந்த மாதிரி ஓரெழுத்துச் சொற்கள்தான் அமைப்பவரின் செங்கல். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று கணக்கு சொல்கிறது. எல்லாம் வேண்டாம். ஆ பசு, கா சோலை, கோ அரசன், நா நாக்கு, மா மாமரம் அல்லது பெரிய, ஏ அம்பு, ஐ தலைவன், அப்புறம் தீ, பூ, கை, பை, தை, மை. இதற்கு மேல் இரண்டெழுத்தில் அரி, ஆழி, மதி, பிடி, இறை. இந்தப் பட்டியல் விரல் நுனியில் இருந்தால் குறும்புக் குறிப்பில் பாதி பயம் போய்விடும்.

இவ்வளவும் செய்து இன்னும் காலியாக இருந்தால் புத்தகத்துக்குப் போகலாம். எந்தப் புத்தகம் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அகராதிக்கு முன்னால் நிகண்டு. அகராதி, சொல் தெரிந்தவருக்குப் பொருள் சொல்கிறது. நமக்குத் தேவை நேர் எதிர், பொருள் தெரியும், சொல் தெரியாது. நிகண்டு அதற்கென்றே எழுதப்பட்டது. திவாகரம் என்ற பழைய நிகண்டில் யானைக்கு, கடலுக்கு, மலைக்கு எத்தனை பெயர் என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கும். அதன் பதினோராவது தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர், அதாவது ஒரே சொல்லுக்குப் பல அர்த்தம். ‘பிடி’, ‘படி’ வகைக் குறிப்புகளை அமைக்கிறவருக்கும் உடைக்கிறவருக்கும் அது சுரங்கம்.

இதைவிட வேடிக்கை சூடாமணி நிகண்டு. அதன் பதினோராவது தொகுதியில் சொற்களை எதுகைப்படி அடுக்கியிருக்கிறார்கள். எதுகை என்றால் இரண்டாவது எழுத்து. உங்கள் கட்டத்தில் முதல் எழுத்து தெரியாமல் இரண்டாவது மட்டும் விழுந்திருக்கும்போது, எந்த அகராதியாலும் உதவ முடியாதபோது, அதை எழுதிய மண்டல புருடர் பல நூறு வருஷம் முன்பே அதற்கு ஏற்பாடு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த நிகண்டுகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். செய்யுளாக இருக்கிறதே என்று மலைக்காதீர்கள், பெயர்ச்சொற்களை மட்டும் பொறுக்கினால் போதும்.

அகராதி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் ஒரு பின்னிணைப்பு. லட்சத்துக்கு மேல் சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் முழுவதும் இருக்கிறது, சொல்லின் தொடக்கத்தை வைத்தும் முடிவை வைத்தும் தேடலாம். இன்னொரு உத்தி: ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்திலும் பொருள் கொடுத்திருப்பதால், ‘பெண் யானை’ என்பதை ஆங்கிலத்தில் போட்டு விளக்கத்துக்குள் தேடினால் அந்தப் பொருளுள்ள சொற்கள் வரிசையாக வரும். அதில் உங்கள் கட்டத்துக்குப் பொருந்துவது எது என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். பேப்பர் புதிரில் வருகிற இன்றைய சொற்களுக்கு இது கொஞ்சம் பழசு. அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்லது. இரண்டும் இல்லாத வீட்டில் விக்சனரி.

ஆப் பற்றிக் கேட்டிருந்தால் இதுதான் என் அனுபவம். தெரியாத கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்துத் தேடுகிற ஆங்கிலப் புதிர்த் தளங்கள் தமிழில் உளறும். காரணம் எளிது. மரம் என்பது நமக்கு மூன்று கட்டம். கணினிக்கு ம, ர, ம, புள்ளி என்று நான்கு குறி. ‘கொடி’ நமக்கு இரண்டு, அதற்கு நான்கு. நீங்கள் மூன்று கேட்டால் அது வேறு எதையோ எண்ணிக் கொடுக்கும். உங்கள் வீட்டில் பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளை இருந்தால் ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பை எடுத்துக் கொடுங்கள். சொல்லைத் தமிழ் எழுத்தாகப் பிரித்து எண்ணத் தெரிந்தது அது. ஒரு சொற்பட்டியலும் பத்து வரி நிரலும் இருந்தால் வீட்டுக்கென்று ஒரு தேடுபொறி தயார்.

சாட்பாட்டிடம் கேட்டும் பார்த்தேன். நான்கெழுத்து கேட்டால் ஆறெழுத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இது நான்கெழுத்து என்று அடித்துச் சொல்கிறது. எண்ணுவதை அதனிடம் விடாதீர்கள். ‘இந்தச் சொல்லுக்கு இணையான சொற்கள் எல்லாம் கொடு’ என்று மட்டும் கேளுங்கள், எண்ணி வடிகட்டுவதை நீங்கள் செய்யுங்கள். அப்போது உபயோகம்தான்.

எங்கும் கிடைக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் எழுத்துக்கூட்டல், அதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ‘நவரத்தினத்தில் ஒன்று (4)’ என்று ஒரு நாள். யோசிக்காமல் பால்பாயின்ட் பேனாவால் ‘பவளம்’ என்று எழுதினேன். மூன்றாவது கட்டத்தைக் குறுக்கே வெட்டுவது ‘குழந்தையின் பேச்சு (3)’. நடுவில் ‘ள’. குழந்தை என்ன பேசும், எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அந்த மூலை முழுவதும் படுத்துவிட்டது. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த என் பெண் பேப்பரைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, பவழம்னும் எழுதலாமே” என்றாள். பவழம், மழலை. பேனாவைக் கீழே வைத்து பென்சிலுக்கு மாறியது அன்றைக்குத்தான். பவளம், பவழம் இரண்டும் சரியே. கோயில், கோவில். கருப்பு, கறுப்பு. ராமாயணம் ஐந்து கட்டம், இராமாயணம் ஆறு. சந்தோஷமா, சந்தோசமா? கட்டம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, ஒரே ஒரு எழுத்து மட்டும் முரண்டு பிடித்தாலோ, விடையைத் தூக்கிப் போடுவதற்கு முன் வேறு எழுத்துக்கூட்டலை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

அமைப்பவரே தப்பு செய்வதும் உண்டு. ஒரு முறை குறிப்பில் எண் மாறி அச்சாகி, ஐந்து கட்டத்தில் ஏழெழுத்தைத் திணிக்கப் பார்த்து ஒரு காலைப்பொழுதே போனது. மறுநாள் விடை மட்டும் வந்தது, வருத்தம் வரவில்லை. இருபது நிமிஷம் முட்டியும் ஒரு மூலை நகரவில்லை என்றால் தப்பு உங்களுடையது அல்லாமலும் இருக்கலாம்.

ஏமாற்று வேலையா என்று கேட்டீர்கள். பரிசு இல்லாத புதிரில் யாரை யார் ஏமாற்றுவது? வீட்டுப் பெரியவர்களுக்குக் குறுக்கெழுத்து என்றால் ஒரு முகச்சுளிப்பு இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு காலத்தில் இந்தியா முழுக்கக் காசு கட்டி அனுப்புகிற குறுக்கெழுத்துப் போட்டிகள் நடந்தன. ஒரு குறிப்புக்கு இரண்டு சொல்லும் பொருந்தும், எது ‘சரி’ என்பது அமைப்பாளர் முத்திரையிட்டு வைத்த உறைக்குள் இருக்கும். அறிவுக்கு அங்கே வேலை இல்லை, ஊகம்தான். 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்து, இப்படிப்பட்டவற்றில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கு அந்தச் சட்டம் செல்லும் என்று 1957இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. காலைக் காப்பியோடு நீங்களும் அம்மாவும் போடுகிற கட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் ஆளிடம் கேட்பதில் ஒரு நாசூக்கு வேண்டும். ‘விடை என்ன?’ என்று கேட்டால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும். வாட்ஸ்அப்பில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து போடுகிறோம், எங்களுக்குள் எழுதாத ஒரு ஏற்பாடு உண்டு. முதலில் ‘இதில் பொருள் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால், ‘வெட்டா, திருப்பலா, ஒட்டலா?’ அப்புறம் ஒரே ஒரு எழுத்து. முதலெழுத்தைக் கேட்காதீர்கள், நடுவெழுத்தைக் கேளுங்கள். முதலெழுத்து தெரிந்தால் நாக்கு தானாக விடையை உருட்டிவிடும், மூளைக்கு வேலை இருக்காது. முழு விடையை யாராவது பொதுவில் உளறினால் அடுத்த நாள் அவர் வாயே திறக்கக் கூடாது, அதுதான் தண்டனை.

மறுநாள் வருகிற விடையை என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலானவர்கள் ‘ஓ, இதுவா’ என்று சொல்லிவிட்டுப் புதுக் கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு நோட்டு போடுங்கள். விடாமல் நின்ற குறிப்பை மட்டும் எழுதி, எதிரே விடை, அதற்குக் கீழே ஏன் அது விடை என்று ஒரு வரி. ‘பாதி காலி: விடையிலேயே பாதி’ என்கிற மாதிரி. ஒரே பேப்பரில் ஒரே ஆள்தான் தொடர்ந்து போடுவார், ஒவ்வொருவருக்கும் ஒரு கைராசி உண்டு. ஒருவருக்குப் பூப்பெயர் பிடிக்கும், ஒருவர் சினிமாவை விடமாட்டார், இன்னொருவர் எந்த இடம் காலியாக இருந்தாலும் ‘கா’வைக் கொண்டுவந்து சோலை நடுவார். இரண்டு மாதம் எழுதினால் ஆளின் முகம் தெரியாமலே அவர் மனசு தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதவி எங்கும் விலைக்குக் கிடைப்பதில்லை.

நாளைக் காலை புதிய பேப்பர் வருவதற்குள் அம்மாவிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்து மூன்று, வித்தை மேலே சொன்னதுதான், விடை நான் சொல்லப் போவதில்லை:

விமானத்தின் தலை போனாலும் இது போகக் கூடாது (3).